காவலுக்கு வந்தவனே கதவைத் திறந்துவிட்டால்?

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்குகிற தமிழருக்கு, இந்த ஊரில் கால் ஊன்றுவதற்கு முன்பே ஏதாவது ஒரு கம்ப்யூட்டரின் தயவு வேண்டியிருக்கிறது. மாஞ்ஞாலிக்குளம் சாலையில் அறை எடுத்தால் லாட்ஜ் மேஜையில் ஆதார் கார்டை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்கிறார்கள். அரிஸ்டோ சந்திப்புப் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கும் காண்டிராக்டர் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கேட்கிறார். அதிதி போர்ட்டலில் தொழிலாளராகப் பதிய வேண்டும், பி.எப். பணத்துக்கு மனுப் போட வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு வந்தவர் என்றால் பழைய சோதனை அறிக்கைகளைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் போவது, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம்தான்.

"பயப்பட வேண்டாம், இதில் ஆன்டிவைரஸ் இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்கிறார். திரையின் மூலையில் ஒரு சிறு படமும் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நிம்மதி. இந்த நிம்மதி எவ்வளவு தூரம் நியாயமானது என்ற கேள்வியை, நம் நாட்டிலேயே தயாராகும் ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு நேர்ந்த கதி எழுப்பியிருக்கிறது. அதுவும் ஒரு முறையல்ல, இரண்டு முறை.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோவேர்ல்ட் டெக்னாலஜீஸ் கம்பெனி தயாரிப்பது ஈஸ்கேன். 2024 ஏப்ரல் 23ஆம் தேதி அவாஸ்ட் என்ற மற்றொரு ஆன்டிவைரஸ் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஈஸ்கேன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியில் ஒரு கும்பல் இடையில் புகுந்து, நல்ல அப்டேட்டுக்குப் பதிலாக நச்சு நிரலை அனுப்பிவந்தது என்பதே அதன் சாரம். அந்த நச்சு நிரலுக்கு அவர்கள் வைத்த பெயர் குப்திமைனர். இந்தியில் குப்தி என்றால் கைத்தடிக்குள் மறைத்த வாள். பொருத்தமான பெயர்தான். குறைந்தது 2018ஆம் ஆண்டிலிருந்தே இந்த வேலை நடந்துவந்திருக்கிறது. வடகொரியாவுடன் தொடர்புடையதாகக் கருதப்படும் கிம்சுகி என்ற கும்பலுக்கு இதில் சம்பந்தம் இருக்கலாம் என்றும் அறிக்கை கூறியது.

நடந்தது என்ன என்பதை ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். மும்பையில் ஏற்றிய ஒரு பெட்டி தம்பானூருக்கு வரவேண்டும். வழியில் எங்கோ ஒரு ஜங்ஷனில் ஒருவன் அதைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அதே முகவரிச் சீட்டை ஒட்டி ஏற்றிவிடுகிறான். இங்கே இறக்குகிற குமாஸ்தா சீல் சரியாக இருக்கிறதா, ரசீதோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் திருட்டு அங்கேயே அகப்பட்டுவிடும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் கள்ளச் சரக்கு கிடங்கிற்குள் போய்விடும்.

ஈஸ்கேன் விஷயத்தில் இரண்டு தவறும் சேர்ந்துகொண்டன. அப்டேட், எச்.டி.டி.பி. என்ற பழைய முறையில் வந்தது. அது தபால் கார்டு மாதிரி. வழியில் இருக்கிற எவரும் படிக்கலாம், திருத்தலாம். எச்.டி.டி.பி.எஸ். என்பது அரக்கு முத்திரையிட்ட ரிஜிஸ்டர் தபால். வங்கிகளின் இணைய முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் காட்டுகிறதே, அது இதைத்தான் குறிக்கிறது. கணக்கில் 500 ரூபாய் இருப்பவருக்குக்கூட வங்கி தரும் இந்தப் பாதுகாப்பை, நாட்டின் ஆபீஸ்களையெல்லாம் காவல் காப்பதாகச் சொல்லும் மென்பொருள் தன்னுடைய சொந்தச் சாமான் போகிற பாதைக்குத் தராமல் இருந்தது எப்படி? அடுத்தது, வந்து சேர்ந்த பொட்டலம் உண்மையிலேயே கம்பெனி அனுப்பியதுதானா என்று அதன் டிஜிட்டல் கையொப்பத்தைக் கறாராகச் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனையும் கள்ளப் பொட்டலத்தைத் தடுக்கவில்லை.

உள்ளே நுழைந்த நச்சு நிரல் செய்த காரியங்கள் லேசுப்பட்டவை அல்ல. தன் அடுத்த பகுதியை ஒரு தொலைபேசிக் கம்பெனியின் சின்னம் உள்ள சாதாரணப் படத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. பெரிய ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களுக்குள் பின்வாசல் வைத்தது. ஒரு வகைப் பின்வாசல், அதே வலைப்பின்னலில் விண்டோஸ் 7, விண்டோஸ் சர்வர் 2008 போன்ற பழைய இயந்திரங்கள் உண்டா என்று தேடியது. இன்னொன்று, இரகசியச் சாவிகளையும் கிரிப்டோ நாணயப் பைகளையும் தேடியது. போதாததற்கு, மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் 'தோண்டும்' எக்ஸ்எம்ரிக் நிரலையும் ஓடவிட்டது. கம்ப்யூட்டரும் மின்சாரமும் இங்கிருப்பவருடையவை. வருமானம் மட்டும் எங்கோ இருப்பவனுக்கு. மெஷின் காரணமில்லாமல் சூடாகிறது, மின்விசிறி இரைகிறது, டைப் அடித்தால் எழுத்து தாமதமாக விழுகிறது என்றால் அதைப் பழசின் கோளாறு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

அவாஸ்ட் ஆய்வாளர்கள் விஷயத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் கம்பெனிக்கும், இந்தியாவின் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்டுக்கும் தெரிவித்தார்கள். அது முறையான காரியம். ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது என்று 2023 ஜூலை 31 அன்று ஈஸ்கேன் உறுதி கூறியது. 2020லேயே கையொப்பமில்லாத நிரல்களைத் தள்ளிவிடும் சோதனை முறையைப் பலப்படுத்திவிட்டதாகவும், புதிய பதிப்புகளில் எச்.டி.டி.பி.எஸ். வழியாகவே அப்டேட் இறங்குவதாகவும் கம்பெனி விளக்கியது. விளக்கத்தை ஏற்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் புதிதாகப் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் தென்பட்டதாக அவாஸ்ட் சொன்னது. பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்ட இயந்திரங்களாக அவை இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. தம்பானூரின் கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களை நினைத்துப் பார்த்தால் அந்தக் கருத்தை மறுக்கத் தோன்றவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பழைய கதை என்று விட்டுவிடலாம். 2026 ஜனவரி 20ஆம் தேதி அதே ஈஸ்கேனுக்கு மறுபடியும் அடி விழுந்தது. இந்த முறை வழியில் பெட்டி மாறவில்லை, கிடங்கே உடைக்கப்பட்டது. கம்பெனியின் வட்டார அப்டேட் சர்வர் ஒன்றுக்குள் யாரோ அத்துமீறி நுழைந்து, சுமார் இரண்டு மணி நேரம் அந்த சர்வரிலிருந்து அப்டேட் எடுத்தவர்களுக்கு நச்சுக் கோப்பை அனுப்பிவிட்டார்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் பாதிப்புத் தென்பட்டதாக ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் கம்பெனிக்கும் மார்பிசெக் என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்கும் தகராறு. அது அவர்கள் பாடு.

கவனிக்க வேண்டியது அந்தக் கோப்பு செய்த முதல் காரியத்தை. கம்ப்யூட்டரில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சிறு கோப்பு உண்டு. எந்த முகவரிக்கு எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். நச்சு நிரல் அதைத் திருத்தி, ஈஸ்கேன் தன் கம்பெனியோடு பேச முடியாமல் செய்துவிட்டது. காவல்காரனின் கையைக் கட்டி, வாயில் துணியும் அடைத்தாயிற்று. மூலையில் உள்ள படம் மட்டும் எப்போதும் போல இருந்தது. அதனால் மருந்தை வழக்கம்போல் தானியங்கி அப்டேட்டாக அனுப்பவும் வழியில்லாமல் போயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கம்பெனியைத் தொடர்புகொண்டு, சீர்செய்யும் நிரலை வாங்கி ஓடவிட்டு, மெஷினை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. கம்பெனியோடு தொடர்பே வைத்துக்கொள்ளாதவர், யாரோ போட்டுக்கொடுத்ததை வைத்து ஓட்டுபவர் என்ன செய்திருப்பார்?

ஒரு கம்பெனியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஈஸ்கேனின் ஓட்டையைக் கண்டுபிடித்த அவாஸ்டின் டிரைவர் ஒன்றிலேயே 2012 முதல் பத்தாண்டு காலம் ஓட்டைகள் இருந்தன, 2022இல்தான் அடைபட்டன. 2016இல் சிமாண்டெக்கின் நார்ட்டன், 2017 மே மாதம் மைக்ரோசாப்டின் டிபெண்டர் ஆகியவற்றில் இதைவிட மோசமானவை அகப்பட்டன. வந்த கோப்பைத் திறக்கவே வேண்டாம். ஆன்டிவைரஸ் அதைப் பரிசோதித்தாலே போதும், எதிரி உள்ளே வந்துவிடலாம். மைக்ரோசாப்ட் சில நாட்களுக்குள் திருத்தத்தை அனுப்பியது என்பது அதன் பெருமை.

இப்படி ஏன் நடக்கிறது என்றால், லாட்ஜில் மாஸ்டர் சாவி யாரிடம் இருக்கிறதோ அவனைத்தான் திருடன் தேடுவான். வைரஸைப் பிடிக்க வேண்டுமானால் எல்லா அறைக்குள்ளும் போக வேண்டும், எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டும். ஆகவே கம்ப்யூட்டரில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவது ஆன்டிவைரஸ். கடைக்காரருக்கே இல்லாத உரிமை அதற்கு உண்டு. அதை ஏமாற்றியவன் அந்த உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான்.

"அப்படியானால் இந்தச் சனியனே வேண்டாம், எடுத்துவிடலாம்" என்று சிலர் கிளம்புவார்கள். அது வாசல் பூட்டு ஒரு முறை உடைந்தது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்றது. 2017 மே மாதம் வானாகிரை என்ற நச்சு நிரல் உலகத்தையே ஆட்டியபோது, தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. பெர்சனல், அக்கவுண்ட்ஸ் பிரிவுகள்தான் அடிபட்டன; ரயில் ஓட்டம் தப்பியது. வயநாட்டிலும் பத்தனம்திட்டாவிலும் பஞ்சாயத்து ஆபீஸ்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டார்கள். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்ட இயந்திரங்களுக்கு அந்த வழியாக ஆபத்து வரவில்லை. போடாதவை மாட்டிக்கொண்டன.

இது ஆபீஸ் சமாசாரம், கூலி வேலைக்கு வந்தவனுக்கு என்ன என்று கேட்பவர்கள், 2024 ஏப்ரல் கடைசியில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில் நடந்ததை மறந்திருக்கக் கூடாது. அங்குள்ள சர்வர்கள் தாக்கப்பட்டு, கதிர்வீச்சுச் சிகிச்சை சில நாட்கள் தடைப்பட்டது. அந்தத் தாக்குதலுக்கும் ஈஸ்கேனுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை, வழி வேறு. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, தம்பானூரில் டீ குடித்துவிட்டு மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறுகிறவர்களுக்கு, ஒரு சர்வர் படுத்தால் என்ன ஆகும் என்பது அந்த நாட்களில் தெரிந்தது. ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் மட்டுமா போயிற்று!

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. முதலில், கம்ப்யூட்டரில் உள்ள ஆன்டிவைரஸின் படத்தை அழுத்தித் திறந்து, கடைசியாக அப்டேட் ஆன தேதி என்ன என்று பார்க்க வேண்டும். இன்றோ நேற்றோ என்றிருந்தால் நல்லது. ஒரு வாரத்துக்கு முந்தியது என்றால் விசாரிக்க வேண்டும். 'அப்டேட் ஆகவில்லை' என்ற அறிவிப்பு தொடர்ந்து வந்தால் குறுக்குக் கோட்டை அழுத்தி அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் பொதுவான பழக்கம். 2026 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வெளியே தெரிந்த அடையாளமே அதுதான். ஈஸ்கேன் வைத்திருப்பவர்கள், அந்த ஜனவரியிலிருந்து அப்டேட் சரியாக நடந்துவருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கம்பெனியின் உதவிப் பிரிவையே நேரில் கேட்டு சீர்செய்யும் நிரலைப் பெற வேண்டும். தெரிந்த பையன் பென் டிரைவில் கொண்டுவந்தான் என்று எதையும் போடக் கூடாது. நச்சு புகுந்தது என்று தெரிந்த மெஷினில் வங்கி பாஸ்வேர்டை மாற்றுவதும் புத்திசாலித்தனமல்ல. வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்ற வேண்டும்.

லைசென்ஸ் காலாவதியான ஆன்டிவைரஸ் எந்தப் பிரயோசனமும் இல்லாதது. சும்மா இருந்தாலும் பரவாயில்லை, அது இருக்கிறது என்ற தைரியம்தான் கெடுக்கிறது. பணம் கட்ட முடியாதவர்கள் அதை முறைப்படி நீக்கிவிட்டால் விண்டோஸிலேயே இலவசமாக வரும் டிபெண்டர் வேலைக்கு வரும். ஒரு கடைக்கும் ஒரு குமாஸ்தா வீட்டுக்கும் அது போதும், விண்டோஸ் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் பொது ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. திருட்டு விண்டோஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைத் திறக்கப் பயன்படுத்தும் 'கிராக்' நிரல், முதல் வேலையாக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். நிறுத்துபவரும் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்துவார்! கேரளப் பள்ளிக்கூடங்களில் கைட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளை வைத்தே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்துவருகிறது. வெறும் டைப்பிங்கும் பிரிண்டும் மட்டும் நடக்கும் கடைகள் அந்த வழியையும் யோசிக்கலாம்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது இதைவிட அதிகம். அப்டேட் ஒவ்வொன்றும் முத்திரையிட்ட வழியில் வர வேண்டும், வந்தபின் கையொப்பம் சோதிக்கப்பட வேண்டும், சோதனையில் தவறினால் உள்ளே எடுக்கவே கூடாது. 2026 ஜனவரியில் வந்த நச்சுக் கோப்பில் கம்பெனியின் சான்றிதழ் போலவே தோற்றமளித்த கையொப்பம் இருந்தது; அது செல்லாதது என்று விண்டோஸ் காட்டியதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். செல்லாத கையொப்பத்தோடு வந்த கோப்பு ஓடியது எப்படி என்பதற்குக் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகவே பதில் சொல்லியாக வேண்டும். சந்தாப் புதுப்பிக்கும் தேதியை மறக்காமல் எஸ்.எம்.எஸ். அனுப்பி நினைவூட்டுகிறவர்கள், ஆபத்து நேர்ந்த அன்றும் அதே எண்ணுக்குத் தமிழிலோ மலையாளத்திலோ இரண்டு வரி அனுப்புவதில் என்ன கஷ்டம்?

மத்திய அரசின் செர்ட் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கம்பெனிகள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல உத்தரவு. தெரிவித்த பிறகு பொதுஜனத்துக்கு அது எப்போது, எந்த மொழியில் வந்து சேர்கிறது என்பதற்குத்தான் ஏற்பாடு போதாது. செர்ட்டின் எச்சரிக்கைகள் குறைபாட்டு எண்களும் சுருக்கெழுத்துகளுமாக நிபுணர்களுக்கென்றே எழுதப்பட்டவை. சாலைக் கடைத்தெரு கணக்கப்பிள்ளை அவற்றைப் படித்து என்ன செய்வார்? 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற மத்திய அரசின் மையம் நச்சு நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. தம்பானூரில் கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் நடத்துபவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் ஒரு நாள் நடந்துபோய் விசாரிக்கட்டும். பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண் ஓரளவு பரவியிருக்கிறது என்பது ஆறுதல். அதே அக்கறையை, பணம் போவதற்கு முந்தைய கட்டத்துக்கும் காட்ட வேண்டும்.

அரசாங்க ஆபீஸ்களுக்கு ஆன்டிவைரஸ் வாங்குகிறவர்கள் டெண்டரில் விலையையும் எத்தனை கம்ப்யூட்டர் என்பதையும் பார்ப்பதோடு, அப்டேட் எந்த வழியில் வருகிறது, சோதனை எப்படி, ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் அடைப்பீர்கள் என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குவதும் அவசியம். பதில் தராத கம்பெனிக்கு ஆர்டர் தரக் கூடாது.

மாநில அரசுக்கும் ஒரு யோசனை. சாலைக் கடைத்தெருவில் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் எடை அளவுத் துறை முத்திரை வைக்கிறது; முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் அபராதம். பொதுமக்களின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கி ஸ்கேன் செய்யும் கடைகளுக்கு அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. விண்டோஸ் எந்தப் பதிப்பு, ஆன்டிவைரஸ் கடைசியாக அப்டேட் ஆன தேதி என்ன, வாங்கும் நகலை எத்தனை நாள் வைத்திருந்து அழிப்பார்கள் என்ற மூன்று விவரங்களை இந்தக் கடைகள் எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவிடலாம். ஜெராக்ஸ் ஒரு பக்கம் இவ்வளவு, கலர் பிரிண்ட் இவ்வளவு என்று எழுதியிருக்கும் பலகையில் அதற்கும் இடம் இருக்கிறது.